சிலாவோஸ் வெந்நீர் ஊற்று: முழங்கால் வலிக்கார அம்மாவை அழைத்துப்போகும் முறை

ஊரிலிருந்து யார் வந்து இறங்கினாலும் இரண்டாம் நாளே கேட்டுவிடுவார்கள்: "எரிமலைத் தீவுதானே இது, வெந்நீர் ஊற்று எங்கேயாவது இருக்குமே?" இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்த ரீயூனியன் தீவின் நடுவில், ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில், மலைகள் கிண்ணம்போலச் சூழ்ந்த சிலாவோஸில். நான் பிறந்தது காரைக்கால், குடியிருப்பது சேன் பியேர், மாமனார் வீடு சேன் லூயி. சேன் லூயிதான் சிலாவோஸ் மலைக்கு வாசல். மூன்று தடவை கிளம்பியிருக்கிறேன். முதல் தடவை பாதி வழியில் திரும்பினேன். இரண்டாம் தடவை விடியற்காலையில் ஏறி மதியமே இறங்கினேன். போனேன், வந்தேன் என்று சொல்லலாம், அவ்வளவுதான். மூன்றாம் தடவை, காரைக்காலிலிருந்து வந்திருந்த அம்மாவோடு, இரண்டு ராத்திரி தங்கிப் போனபோதுதான் அந்தத் தண்ணீரை எப்படி அனுபவிக்க வேண்டும் என்று புரிந்தது.

இங்கே இருக்கிற நம் ஆட்களுக்கும், மொரீசியஸிலிருந்து முக்கால் மணி நேர விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கும், ஊரிலிருந்து பெற்றோரை வரவழைக்கிறவர்களுக்கும் இது உதவும்.

கொதிக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள்

இமாச்சலத்து மணிகரண் ஊற்றில் துணியில் அரிசி கட்டிப் போட்டுச் சோறாக்குவார்கள் என்று கேள்விப்பட்டவர்கள் அந்த நினைப்போடு வந்தால் ஏமாந்துபோவார்கள். சிலாவோஸில் பேர்போன ஊற்றுகள் இரண்டு. வெரோனிக் ஏறத்தாழ 31 டிகிரி, இரேனே 38 டிகிரிக்குப் பக்கம். நம் உடம்புச் சூடே 37 என்பதால், வெரோனிக் நீர் தொட்டால் கொஞ்சம் குளிர்ச்சியாகவே தெரியும். இரேனே நீர் கைக்குழந்தைக்கு விளாவி வைத்த வெந்நீர் பதம்.

அம்மா கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம்? நம்ம வீட்டு கீசர் இதைவிடச் சுடுமே" என்றார். சொல்லி முடித்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, தன் முழங்கையையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். தோலில் இருக்கும் பூனைமுடி ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குமிழ். கடுகைவிடச் சின்னது, வெள்ளியில் செய்ததுபோல. விரலால் வழித்தால் அத்தனையும் கிளம்பி மேலே ஓடின. கையை அசைக்காமல் வைத்தால் மறுபடி வந்து ஒட்டின. "சோடா மாதிரி இருக்கேடா" என்றார். சோடாவேதான். கோலி சோடாவில் நாம் அடைக்கிற அதே கரியமில வாயு இங்கே மலைக்கு அடியிலேயே தண்ணீரில் கரைந்து வருகிறது.

அந்த வாயு தோலில் படும்போது அங்கே இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் தண்ணீர் இருக்கும் சூட்டைவிடக் கூடுதலாகச் சுடுவதுபோல இருக்கும். தோலும் லேசாகச் சிவக்கும். மாநிறக்காரர்களுக்கு அது தெரியாது, உள்ளங்காலைப் பார்த்தால் தெரியும். ஆக, இந்தத் தண்ணீரில் சூட்டைவிட, எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறீர்கள் என்பதே முக்கியம். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்த நேரத்தை உண்டாக்கிக்கொள்ளத்தான்.

உப்பு கடலிலிருந்து வந்ததா?

மாமனாருக்கு எழுபத்தைந்து வயது. தமிழ் வார்த்தைகள் கொஞ்சம் தெரியும், பேச்செல்லாம் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழி. கறிவேப்பிலையைக் 'கலூப்பிலே' என்பார், பீர்க்கங்காய் அவருக்குப் 'பிப்பாங்காய்'. அவர் கணக்குப்படி சிலாவோஸ் தண்ணீர் உப்புக் கரிப்பதற்குக் காரணம், மலைக்கு அடியில் கடல் புகுந்து, எரிமலைச் சூட்டில் காய்ந்து மேலே வருவதுதான்.

பாதி சரி. அப்படி வரும் ஊற்றுகள் உலகில் உண்டு. தைவானுக்குக் கிழக்கே பச்சைத் தீவு என்று ஒரு சின்ன எரிமலைத் தீவு. அங்கே கரையோரத்தில் கடல்நீரே பாறைக்குள் இறங்கிச் சூடாகித் திரும்பி வருகிறது. அலைக்குப் பக்கத்திலேயே தொட்டி கட்டிக் குளிக்கிறார்கள். உலகத்திலேயே இப்படி மூன்றுதான் என்று சுற்றுலாக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஜப்பான் கரையோரத்தில் மட்டுமே உப்பு வெந்நீர் ஊற்றுகள் எத்தனையோ இருக்கின்றன.

சிலாவோஸ் கதை வேறு. இங்கே ஊறுவது மழைநீர். தீவின் பழைய எரிமலையான பித்தோன் தெ நேழ் மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயரம், அணைந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. மேலே அணைந்தாலும் அடியில் சூடும் வாயுவும் மிச்சம் இருக்கின்றன. பாறைப் பிளவில் இறங்கும் மழைநீரில் கரியமில வாயு கரைகிறது. கரைந்ததும் தண்ணீர் லேசாகப் புளித்து, பாறையை அரிக்கும் குணம் பெறுகிறது. எரிமலைப் பாறையிலிருந்து சோடியம், கால்சியம், மக்னீசியம், இரும்பு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. நாக்கில் படுவது சமையல் உப்பின் கரிப்பு இல்லை. ஆப்பமாவில் போடும் சோடா உப்பின் வழவழப்பு, கடைசியில் ஆணியை நக்கினதுபோல ஒரு இரும்பு ருசி. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், இதில் அதில் ஒரு சின்னப் பங்குதான். ஊற்று வழியும் இடத்தில் பாறை காவி நிறமாக இருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடித்துப் படிவதுதான் அது, அழுக்கு இல்லை.

இன்றைக்கும் நெருப்பைக் கக்குகிற ஃபூர்னேஸ் எரிமலை தென்கிழக்கே இருக்கும்போது, வெந்நீர் ஏன் அணைந்த மலையில் வருகிறது என்றும் கேட்பார்கள். ஃபூர்னேஸ் பாறை புதுசு, பொரிபோல ஓட்டை. பெய்த மழை நேராக இறங்கிவிடும். பழைய மலையோ உள்ளே இறுகிப்போனது, அதை ஆறுகள் ஆழமாக அறுத்தும் வைத்திருக்கின்றன. அறுந்த இடத்தில் தண்ணீர் வெளியே எட்டிப் பார்க்கிறது. மாமனாரிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்துவிட்டு, கடல் கதைதான் நன்றாக இருக்கிறது என்றார்.

முதல் படி: மாதம்

மே முதல் அக்டோபர் வரை போங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். தைப்பூசக் காவடிக்கு வரும் சொந்தக்காரர்களை அப்படியே மலைக்குக் கூட்டிப்போகலாம் என்று தோன்றும், ஆனால் அதுதான் மழை கொட்டும் சமயம். கொட்டும் என்றால் நம் ஐப்பசி மழை மாதிரி இல்லை. ஒரே நாளில் பெய்த மழைக்கான உலக சாதனையே இந்தத் தீவுடையது: 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் மேட்டில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர். சென்னை ஒரு வருஷத்தில் வாங்குவதைவிட அதிகம். அப்படிப் பெய்தால் சிலாவோஸ் சாலையில் மலை சரியும், சாலையை மூடுவார்கள். நான் முதல் தடவை திரும்பியது பிப்ரவரியில். முந்தின இரவு மழை. காலையில் வெயில் அடிக்கிறதே என்று கிளம்பிவிட்டேன். வழியில் தடுப்பு போட்டு, அதற்கு அப்பால் ஒரு பாறை, மாட்டு வண்டி அளவுக்கு, சாலை நடுவில் உட்கார்ந்திருந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

ஜூலை, ஆகஸ்டில் வானம் தெளிவாக இருக்கும், ராத்திரிக் குளிர் எலும்பைக் குடையும். ஊரிலிருந்து வருகிறவர்கள் வெப்பமண்டலத் தீவு என்று பருத்திச் சேலையோடு வருவார்கள். அவர்களுக்கு ஸ்வெட்டர், கம்பளிச் சால்வை, காலுறை நீங்கள்தான் எடுத்துவைக்க வேண்டும்.

இரண்டாம் படி: கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

ஊற்று எப்போதும் ஓடும். குளியல் இல்லம் எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தத் தீவில் வெந்நீர் ஊற்றுக் கட்டடங்களின் ஜாதகமே அப்படி. மஃபாத் பள்ளத்தாக்கில் கந்தக ஊற்று இருந்தது, 1913-இல் மலைச்சரிவு மூடிவிட்டது. இன்னொரு பள்ளத்தாக்கான சலாசிப் பக்கம் எல்-பூரில் 1831-இல் ஊற்று கண்டுபிடித்து, பணக்காரர்கள் வந்து குளித்துப் பேர்போன ஊராயிற்று. 1948 புயலோடு அது முடிந்தது. (எல்-பூர் என்ற பெயரை Hell-Bourg என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு ஆங்கிலம் படித்தவர்கள் நரகம் என்று பயப்படுவார்கள். எல் என்பது ஒரு பழைய ஆளுநரின் பெயர்.) அதே புயல் சிலாவோஸ் குளியல் இல்லத்தையும் அடித்துப்போட்டது. இப்போதைய இரேனே அக்கோ குளியல் இல்லம் 1980-களில் எழுந்தது.

அதனால் இரண்டு விசாரிப்பு. ஒன்று, சிலாவோஸ் சுற்றுலா அலுவலகத்துக்கு ஒரு போன்: குளியல் இல்லம் எந்தெந்த நாள் திறந்திருக்கிறது, மருத்துவச் சீட்டு இல்லாமல் ஒரு தடவைக் குளியலுக்கு இடம் உண்டா, முன்பதிவு வேண்டுமா. இரண்டாவது, கிளம்பும் அன்று காலையில் சாலை நிலவரம். அதைப் பிராந்திய நிர்வாகத்தின் சாலைத் தகவல் பக்கத்தில் பார்த்துவிடலாம். மொரீசியஸ்காரர்களுக்குப் பெரும்பாலும் பிரெஞ்சு தெரியும், கவலையில்லை. ஊரிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரீயூனியன் பிரான்ஸைச் சேர்ந்தது, செலவு யூரோவில், ஆனால் ஒரே விசாவில் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றவிடும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. பாரிஸுக்கு வாங்கிய விசா இங்கே செல்லும் என்று நினைத்து விமானம் ஏறாதீர்கள்; விண்ணப்பிக்கும்போதே ரீயூனியன் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: டாக்டரிடம் ஒரு வார்த்தை

இதில் சோம்பல் கூடாது. வெந்நீரும் கரியமில வாயுவும் சேர்ந்து ரத்தக் குழாய்களை விரிப்பதால் ரத்த அழுத்தம் இறங்கும். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் தொட்டியிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். இதய பலவீனம், காய்ச்சல், ஆறாத புண், கர்ப்பம் இருந்தால் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது, காலில் கீறல் பட்டாலும் தெரியாது.

இங்கே குடியிருக்கிறவர்களுக்கு ஒரு வசதி. பிரான்ஸில் ஊற்றுநீர்ச் சிகிச்சை வைத்தியமாகவே கணக்கு. டாக்டர் எழுதிக்கொடுத்தால், மூன்று வாரத்தில் 18 நாள் குளியல் என்ற முறையில், செலவில் ஒரு பகுதியைச் சமூகக் காப்பீடு ஏற்கும். சிலாவோஸுக்கு மூட்டுவலி, வயிற்றுக் கோளாறு இரண்டுக்கும் பேர். ஒரு நாள் குளித்ததில் முட்டி தேய்மானம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அம்மாவுக்கு இரண்டு நாள் வலி குறைந்தது, நன்றாகத் தூங்கினார். மூன்றாம் நாள் முட்டி பழையபடி பேச ஆரம்பித்துவிட்டது.

நான்காம் படி: பை

பிரெஞ்சுக்காரர்களின் பொதுக்குளத்தில் உடை விஷயம் கறார். ஆண்களுக்கு உடம்போடு ஒட்டின நீச்சல் உடை. முழங்கால்வரை தொங்கும் அரைக்கால் சட்டை ஆகாது. வேறொரு ஊர் நீச்சல் குளத்தில் இது தெரியாமல் போய், வாசலில் இருந்த எந்திரத்தில் காசு போட்டு எனக்கு இரண்டு அளவு சின்ன உடையை வாங்கி மாட்டிக்கொண்டு நடந்த கதையை என் மனைவி இன்றும் சொல்வாள். பெண்கள் நைட்டி, சுடிதாரோடு இறங்க முடியாது. அம்மா மாதிரி கூச்சப்படுகிறவர்களுக்குக் கைவைத்து, கால்மூடி இருக்கும் நீச்சல் உடை ஏற்றுக்கொள்வார்களா என்று போனில் முன்கூட்டியே கேளுங்கள். பெரிய குளமாக இல்லாமல் தனித் தொட்டியில் குளிப்பது இங்கே வழக்கம் என்பதால் கூச்சம் பாதி குறையும்.

தலைக்கு ரப்பர் தொப்பி, வழுக்காத செருப்பு, இரண்டு துண்டு, குடிக்கத் தண்ணீர். தங்க நகையைக் கழற்றி அறையிலேயே பூட்டிவைப்பது நல்லது. குற்றாலத்துக்குப் போவதுபோல நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வர வேண்டாம். தொட்டி வழுக்கும், அடுத்தவருக்கும் அழுக்கு, குமிழும் தோலில் ஒட்டாது.

ஐந்தாம் படி: நானூறு வளைவு

சேன் லூயியிலிருந்து சிலாவோஸ் 37 கிலோமீட்டர் சொச்சம். வளைவுகள் நானூறுக்கு மேல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் எண்ணியதில்லை, அறுபதுக்கு மேல் அம்மா எண்ண விடவில்லை. காலையில் அவருக்கு இட்லியும் மீன்குழம்பும் கொடுத்துக் கூட்டிவந்தது என் முட்டாள்தனம். பாதி மலையில் வண்டியை ஓரம்கட்டி, தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பிஸ்கட், இஞ்சித் துண்டு ஒன்று, முன் இருக்கை: அவ்வளவு போதும்.

ஒற்றை வண்டி மட்டும் நுழையும் சுரங்கங்கள் உண்டு. எதிரே விளக்கு தெரிந்தால் வெளியிலேயே நில்லுங்கள். குருட்டு வளைவில் ஹாரன் அடியுங்கள். கூச்சப்பட வேண்டாம், இங்கே மட்டும் ஹாரனுக்கு மரியாதை உண்டு. பஸ் வந்தால் நீங்கள்தான் பின்னால் போக வேண்டும். மலைச்சாலை ஓட்டிப் பழக்கமில்லை என்றால், வண்டியைச் சேன் லூயியில் விட்டுவிட்டு அங்கிருந்து ஏறும் பஸ்ஸையே பிடியுங்கள். அந்த ஓட்டுநர்கள் வளைவில் ஒரு கை அகலம் விட்டுத் திருப்பும் லாகவத்தைப் பார்க்கவே காசு கொடுக்கலாம்.

இந்தச் சாலை வந்தது 1932-இல். அதற்கு முன்னால், 1815-இல் போலேன் தெஷே என்ற சேன் லூயிக்காரர் காட்டாடு வேட்டைக்குப் போய் ஊற்றைக் கண்டதிலிருந்து, நூறு வருஷத்துக்கு மேல் மனிதர்கள் இந்த மலையில் நடந்தே ஏறினார்கள். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கழிகட்டித் தோளில் தூக்கிப் போனார்கள். தூக்கிப் போகக் காசு கொடுக்க முடிந்தவர்கள் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும். அதே நூற்றாண்டில் கடல் கடந்து வந்து, கீழே கரும்புக் காட்டில் குனிந்து நின்ற நம் முன்னோர்களுக்கும் முட்டி வலித்திருக்கும். அந்த நாற்காலியில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை வளைவில் நின்றபோது அம்மாவிடம் சொன்னேன். "அப்போ நான் அவங்களுக்கும் சேர்த்துக் குளிச்சுட்டு வரேன்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

மதியத்துக்குள் ஊர் போய்ச் சேருங்கள். பெரும்பாலான நாட்களில் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி மலையை மூடிவிடும்.

ஆறாம் படி: தண்ணீருக்குள்

போன அன்றே குளிக்காதீர்கள். மலை ஏறிய களைப்பு, வாந்தி, உயரம் எல்லாம் சேர்ந்து தலை சுற்றும். சூடாக ஏதாவது குடித்துவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் காலை, சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்குங்கள்.

முதலில் சோப்பு போட்டு வெளிக்குளியல். இது இங்கே கட்டாயம். அப்புறம் காலை விட்டு உட்காருங்கள், முழங்கால்வரை, இரண்டு நிமிஷம். பிறகு இடுப்பு. பிறகு மெல்லச் சாய்ந்து தோள்வரை. நம் ஆட்கள் ஆற்றில் குளித்த பழக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முங்கு போடுவார்கள்; இங்கே தலையை முக்க வேண்டாம். கைகளை வீசாமல், தேய்க்காமல், சும்மா படுத்திருங்கள். குமிழ் உடம்பில் ஒட்டி நிற்பதுதான் வைத்தியமே, அசைத்தால் ஓடிவிடும். அம்மாவால் சும்மா இருக்க முடியாது. முதல் ஐந்து நிமிஷம் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "தேய்க்காதீங்கம்மா, அது போயிடும்" என்று அங்கிருந்த பெண் சொல்வதாக என் மனைவி வெளியே நின்று மொழிபெயர்த்தாள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று பயந்துபோய் இரண்டு தடவை கூப்பிட்டோம்.

முதல் நாள் பத்து நிமிஷம், மறுநாளும் குளித்தால் பதினைந்து; இருபதைத் தாண்ட வேண்டாம். எழும்போது முதலில் உட்காருங்கள், பத்து மூச்சு விடுங்கள், கைப்பிடியைப் பிடித்து எழுங்கள். மேலே நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் உப்பு காய்ந்து தோல் இழுக்கும். உடனே சால்வையைப் போர்த்திக்கொண்டு அரை மணி நேரம் படுத்துக்கிடப்பது குளியலில் பாதி. ஒரே நாளில் ஏறி இறங்குகிறவர்கள் தொலைப்பது இந்த அரை மணியைத்தான். நானும் அப்படித் தொலைத்தவன்.

குடிக்கிறதற்கு: சிலாவோஸ் பெயர் போட்ட சோடாத் தண்ணீர் பாட்டில் தீவின் எல்லாக் கடையிலும் கிடைக்கும். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கும் ரத்தக் கொதிப்புக்காரர்கள் பாட்டிலில் சோடியம் அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கொண்டைக்கடலை ஊறவைக்க நல்லதாயிற்றே என்று அம்மா இரண்டு பாட்டில் கேட்டார்.

ஓடையோரத்தில் கண்ட இடத்தில் இறங்கலாமா?

பள்ளத்தாக்கில் இறங்கினால் காவி படிந்த பாறையும், வெதுவெதுப்பாகக் கசியும் நீரும் அங்கங்கே கண்ணில் படும். கல் அடுக்கிச் சின்னத் தொட்டி செய்து உட்காருகிறவர்களும் உண்டு. வயசானவர்களை அங்கே கூட்டிப்போகாதீர்கள். இளவட்டம் போவதானால் மூன்று விஷயம். மேலே மழை பெய்தால் உங்களுக்கு வெயில் அடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வரும். தண்ணீர் கலங்க ஆரம்பித்தால் உடனே கரையேறுங்கள். காலில் கீறலோடு இறங்காதீர்கள், எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் இந்தத் தீவில் உண்டு. காற்று ஓடாத பள்ளத்திலோ குகை மாதிரி இடத்திலோ முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிடக்காதீர்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். தலை வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ எழுந்து மேட்டுக்கு வந்துவிடுங்கள். சோப்பு, ஷாம்பு அங்கே வேண்டவே வேண்டாம்.

சாப்பாடு, மீதி நேரம்

சிலாவோஸ் பருப்புக்குத் தீவு முழுக்கப் பேர். நம் மைசூர்ப் பருப்பின் முழுப்பயறுதான், ஆனால் சின்னது, மண்வாசனை உள்ளது. வேகவைத்துச் சோற்றில் ஊற்றித் தக்காளி ருகாய் என்ற காரச் சட்னியைத் தொட்டுக்கொண்டால் சைவக்காரர்களுக்கு வேறெதுவும் வேண்டாம். ஆனால் ஜாக்கிரதை: பருப்பிலேயே புகைபோட்ட பன்றிக்கறியைத் துண்டு போட்டு வேகவைப்பது இங்கே வழக்கம். ஒரு விடுதியில் 'கறி இல்லாத சாப்பாடு' என்று சொல்லி முன்பதிவு செய்தும் கரண்டியில் அதுதான் வந்தது. அவர்களைப் பொறுத்தவரை அது கறி இல்லை, வாசனைக்குப் போட்டது. அப்போது என் மனைவி சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைத்தான் இப்போது எல்லோருக்கும் தருகிறேன்: "மீ லே ஆன் கரேம்", நான் விரதத்தில் இருக்கிறேன். தீமிதிக்கும் காவடிக்கும் மலபார் ஜனங்கள் (இங்கே தமிழ் வம்சாவளியினரை அப்படித்தான் சொல்வார்கள்) விரதம் இருப்பதைப் பார்த்துப் பழகிய ஊர். இதைச் சொன்னால் சட்டியையே தனியாக வைப்பார்கள்.

குளியல் இல்லம் மூடியிருந்தால் வந்தது வீண் என்று உட்கார வேண்டாம். சிலாவோஸில் பூத்தையல் உண்டு. துணியில் நூலை உருவி எடுத்து, அந்த ஓட்டையில் பூ வேலை செய்வார்கள். ஊற்று மருத்துவராக இருந்த மக்கோலிஃபின் மகள் ஆஞ்சேல் தொடங்கிவைத்தது. அம்மா அங்கே ஒரு மணி நேரம் நின்றார், துணியைத் திருப்பிப் பின்பக்கத்தில் முடிச்சுகளைத் தேடினார், ஒன்றுகூட அகப்படவில்லை. இன்னொரு நாள் கையில் இருந்தால் சலாசிப் பக்கம் எல்-பூருக்குப் போய், ஊரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பழைய குளியல் இல்லத்தின் இடிபாடு. அங்கே குளிக்க முடியாது. 1948-க்கு முன்னால் இது எப்படி இருந்திருக்கும் என்று சுவரைத் தொட்டுப் பார்க்கலாம்.

கடைசிப் படி: இறங்குவது

குளித்த அன்றே இறங்காதீர்கள். மறுநாள் காலை, வெறும் வயிற்றுக்குக் கொஞ்சம் மேலே, கஞ்சியோ ரொட்டியோ. இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே விடுங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் கருகல் வாடை வரும். காது அடைக்கும், பெரியவர்களுக்கு வாயில் போட ஒரு மிட்டாய் கொடுங்கள். சேன் லூயிக்கு வந்ததும் ஜன்னலைத் திறந்துவிடலாம். நாங்கள் இறங்கியது ஆகஸ்டில், கரும்பு வெட்டு நடக்கும் சமயம். கோல் சர்க்கரை ஆலைப் பக்கம் வரும்போது காற்றில் பாகு வாசனை. பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே மூக்கை உறிஞ்சினார். "ஆலை ஓடுது போல" என்றார்.